தலைக்குந்தாவில் வலது பக்கம் திரும்புங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஏழாம் வகுப்புப் படிக்கும் என் மகன், பாலைவனப் பாடம் நடத்தியதிலிருந்து ராஜஸ்தான் போகலாம் என்று தினமும் கேட்கிறான். எங்களுக்குக் கிடைப்பது ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். கார் இருக்கிறது. காலையில் கிளம்பி இரவுக்குள் திரும்புகிற மாதிரி வறண்ட நிலம் ஏதாவது காட்ட முடியுமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: மணல்மேடும் ஒட்டகமும் நம் பக்கம் கிடையாதும்மா. ஆனால் முள்ளும் கள்ளியுமாக ஒரு காய்ந்த நிலம் உங்கள் வீட்டிலிருந்து இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் இருக்கிறது. சீகூர் பீடபூமியைச் சொல்கிறேன். மசினகுடி போகிற வழி என்று மட்டும் நினைத்து அதைக் கடந்துவிடுகிறோம், எனக்கு அதில் வருத்தம் உண்டு.

ஊட்டியிலிருந்து கூடலூர் சாலையில் தலைக்குந்தா வரை போய், வலது பக்கம் கல்லட்டிக்குத் திரும்புங்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள். இரண்டாம் கியருக்கு மேல் போகவே வேண்டாம், பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால் அது சூடேறி ஒரு கட்டத்தில் மிதித்தாலும் பிடிக்காது. முதல் முறை நான் மூன்றாம் கியரில் இறங்கி, பாதி வழியில் கருகல் வாடை வந்து, ஓரங்கட்டி முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தப் பயம் இன்னும் போகவில்லை.

ஜூலையில் போனால் நல்லது. தலைக்குந்தாவில் தூறலும் பனிமூட்டமுமாக இருக்கும், மகன் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்பான். கையில் ஒரு நோட்டைக் கொடுத்து, எந்த வளைவில் ஸ்வெட்டரைக் கழற்றினான், எங்கே முதல் கள்ளியைப் பார்த்தான் என்று எழுதச் சொல்லுங்கள். ஆயிரம் மீட்டருக்கு மேல் இறங்குகிறோம், ஆயிரத்துக்கு ஏறக்குறைய ஆறு டிகிரி வீதம் சூடு கூடும். அதைவிட முக்கியம் மழை. மேற்கே இருந்து வரும் மேகம் மலைமேல் ஏறும்போது குளிர்ந்து, கூடலூர், நடுவட்டம், அவலாஞ்சி பக்கமே கொட்டித் தீர்த்துவிடுகிறது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் பெய்தது நினைவிருக்கும். மலையைத் தாண்டி இந்தப் பக்கம் இறங்குகிற காற்று சூடாகி உலர்ந்துவிடும். திரும்பிப் பார்த்தால் மலை உச்சியில் மேகம் சுவர் மாதிரி நிற்கும், உங்கள் தலைக்கு மேல் வெயில். பாடத்தில் மழை மறைவுப் பகுதி என்று வருமே, அது இதுதான்.

கீழே வேல மரம், இலந்தை, கள்ளி, அப்புறம் எங்கு பார்த்தாலும் உண்ணிச்செடி. உயிரில்லாத இடம் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிடாதீர்கள். யானை இந்தக் காடு வழியாகத்தான் இடம் மாறுகிறது, 2020-ல் உச்ச நீதிமன்றமே இந்த வழித்தடத்தைக் காக்க வேண்டும் என்று உறுதி செய்தது. கழுதைப்புலி இருக்கிறது, வெளிமான் இருக்கிறது. காலை பத்து மணிக்கு மேல் தரை சூடேறியதும் வானத்தைப் பாருங்கள், பாறு கழுகு வட்டமிடுவது கண்ணில் படலாம். மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்து ஊசியால், அந்த மாட்டைத் தின்ற கழுகுகள் இந்தியா முழுக்கச் செத்து விழுந்தன. 2006-ல் கால்நடைகளுக்கு அந்த மருந்தைத் தடை செய்தார்கள். மிஞ்சியவை கூடு கட்டும் சில இடங்களில் சீகூரை ஒட்டிய மாயாற்றுப் பள்ளத்தாக்கும் ஒன்று.

சாப்பாட்டை மசினகுடி ஊருக்குள் முடித்துக்கொள்ளுங்கள், காட்டுக்குள் வண்டியை விட்டு இறங்கவே கூடாது. பிறகு தெப்பக்காடு, கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக மறுபடி தலைக்குந்தாவுக்கே வந்து சேரலாம். ஊட்டியிலிருந்து சுற்றி வர நூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல். மழைக்காடு வரை ஒரே நாளில் பார்த்துவிடுவான். இருட்டுவதற்குள் காட்டைத் தாண்டிவிடுங்கள்.

கேள்வி: மாயாற்றில் தண்ணீர் ஓடுகிறதே, பக்கத்து நிலம் ஏன் காய்கிறது?
– வாசகர், கூடலூர்

பதில்: அந்தத் தண்ணீர் அங்கே பெய்த மழை இல்லை. மேலே பைக்காராவில் பெய்தது. 1932-லிருந்து சிங்காராவில் மின்சாரமாகவும் மாறுகிறது. ஆறு ஆழமான பள்ளத்தில் ஓடுவதால் மேட்டுக்கு அதனால் பயன் இல்லை. கரையோரம் மட்டும் நீர்மருது மரங்கள் பச்சைக் கோடு போட்ட மாதிரி நிற்கும்.

கேள்வி: கோவை வண்டி, கல்லட்டியில் இறங்கலாமா?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: வெளியூர் வண்டியை அதில் இறங்க விடுவதில்லை, விபத்துகள் அப்படி. கூடலூர் வழியாக இறங்கி, கல்லட்டியில் ஏறி வாருங்கள். இ-பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள், தண்ணீரைப் பிளாஸ்டிக் பாட்டிலில் கொண்டுவராதீர்கள்.