நோய்கள் குறைந்ததற்குக் காரணம் தடுப்பூசியா, சுத்தமும் சாப்பாடுமா?

கேட்டிருப்பது இரண்டு விஷயம். பழைய கொள்ளைநோய்கள் போனதற்கு நல்ல சாப்பாடும் சுத்தமும்தானே காரணம், தடுப்பூசிக்கு எதற்கு அந்தப் பெயர்? போலியோ ஒழிந்த பிறகும் ஏன் சொட்டு மருந்து?

முதல் கேள்வியில் பாதி நியாயம் இருக்கிறது. காலரா, டைஃபாய்டு, வயிற்றுப்போக்கு எல்லாம் தண்ணீர் நல்லதானால் குறையும். பெரியம்மை அப்படியில்லை, அது மூச்சுவழி பரவுவது. பிரான்ஸ் மன்னர் 15ஆம் லூயி 1774இல் பெரியம்மையில்தான் செத்தார். அரண்மனையில் சாப்பாட்டுக்கா பஞ்சம்?

எனக்கு வலங்கைமான் பக்கம். எழுபதுகளில் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் மாடு குளிப்பாட்டின வாய்க்காலில்தான் ஆட்களும் குளித்தார்கள். கக்கூஸ் கட்டின வீடு அபூர்வம். வயிற்றுப்போக்கு வருஷம் தவறாமல் வந்துகொண்டுதான் இருந்தது. பெரியம்மை மட்டும் நின்றுபோனது. சுத்தம்தான் காரணம் என்றால் முதலில் நின்றிருக்க வேண்டியது வயிற்றுப்போக்கு அல்லவா?

என் அப்பாயி கையில் தோளுக்குக் கீழே பெரியம்மைத் தடுப்பூசி குத்தின அடையாளமாக ஒரு ரூபாய் அகலத்துக்கு இரண்டு வட்டத் தழும்புகள் இருந்தன. அந்தக் காலத்துக் கருவியின் முனையில் பல் வைத்த சின்ன வட்டத் தகடு இருக்கும். மருந்தைத் தடவி, தகட்டைத் தோலில் அழுத்தி ஒரு திருகு. புண்ணாகிச் சலம் வைத்து, காய்ச்சல் வந்து ஆறும். அம்மை குத்துகிறவர் தெருவில் நுழைந்தாலே பிள்ளைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைப்பார்களாம். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வராது, வலி நிஜம். ஆனால் நோய் கண்டவர்களில் பத்துக்கு மூன்று பேர் செத்தார்கள், பிழைத்தவர்களில் சிலருக்குக் கண் போனது. சாகக் கிடந்து பிழைத்தவர்கள் பாடையில் படுத்துக் கோயிலைச் சுற்றும் பாடைக்காவடி வேண்டுதல் வலங்கைமான் மாரியம்மனுக்குப் பங்குனியில் இன்றும் நடக்கிறது.

ஜென்னர் என்ற டாக்டர் 1796இல் இங்கிலாந்தில், பெரியம்மை வராமல் தடுக்க, மாட்டம்மைக் கொப்புள நீரை எட்டு வயதுப் பையன் கையில் கீறி ஏற்றிய கதை பலருக்குத் தெரியும். அது இங்கே வந்து சேர்ந்த விதம்தான் எனக்குச் சுவாரசியம். ஐஸ் பெட்டி இல்லாத காலம். ஒருவர் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்து அடுத்தவருக்கு என்று கைமாற்றிக் கைமாற்றி, பாக்தாத், பாஸ்ரா வழியாக 1802 ஜூனில் பம்பாய்க்கு வந்தது. அங்கே முதலில் போட்டது மூன்று வயதுப் பெண் குழந்தைக்கு. சென்னை கிண்டியில் கிங் இன்ஸ்டிடியூட் 1899இல் தொடங்கியது கன்றுக்குட்டியிலிருந்து இந்த மருந்தைத் தயாரிக்கத்தான். நம் சித்திரை வெயிலில் அந்தத் திரவம் சீக்கிரம் வீணாகிவிடும். உறைய வைத்து உலர்த்திய பொடி மருந்து வந்த பிறகுதான் கடைசிக் கிராமம் வரை வீரியம் குறையாமல் போனது.

இன்னொரு வசதி, பெரியம்மை முகத்திலேயே தெரிந்துவிடும். நோயாளியைக் கண்டுபிடித்து, சுற்றி இருப்பவர்களுக்கெல்லாம் போட்டுவிட்டால் அது பரவ ஆள் கிடைக்காது. கடைசிக் கட்டத்தில் தகவல் சொல்பவருக்கு 1,000 ரூபாய் பரிசு கொடுத்தார்கள், அன்றைக்கு அது பெரிய பணம். இந்தியாவில் 1975இல் நின்றது. உலகமே விடுபட்டதாக 1980 மே மாதம் அறிவித்தார்கள்.

சரி, போலியோ. சுத்தம்தான் எல்லாம் என்பவர்கள் அமெரிக்காவைப் பார்க்கட்டும். 1952இல், அதுவும் குழாய்த் தண்ணீர் வந்த ஊர்களில், அங்கே ஏறக்குறைய 58,000 பேருக்குப் போலியோ. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி இருக்கும் கைக்குழந்தைப் பருவத்தில் கிருமியைச் சந்திக்காமல், வளர்ந்த பிறகு சந்தித்ததால் வந்த வினை. 1955இல் சால்க் தடுப்பூசி வந்த பிறகுதான் அது சரிந்தது.

இந்தியாவில் இயற்கையான போலியோ கிருமியால் கடைசியாக நோய் வந்தது 2011 ஜனவரியில், ஹவுராவில் ஒரு குழந்தைக்கு. 2014இல் போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழும் கிடைத்துவிட்டது. அப்படியும் ஏன் சொட்டு மருந்து என்றால், பெரியம்மை மாதிரி இது முகத்தில் தெரியாது. ஏறத்தாழ 200 பேருக்குத் தொற்றினால் ஒருவருக்குத்தான் கால் விழும். மற்றவர்கள் ஒன்றுமே தெரியாமல் பரப்பிக்கொண்டிருப்பார்கள். சுற்றி வளைத்துப் போட ஆளைக் கண்டுபிடிக்கவே முடியாது என்பதால் எல்லாக் குழந்தைக்கும் கொடுக்க வேண்டியிருக்கிறது. பாகிஸ்தானிலும் ஆப்கானிஸ்தானிலும் அது இன்னும் ஓயவில்லை.

மருந்து வெயிலில் கெட்டிருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், புதன்கிழமை ஊசி போட வரும் நர்ஸம்மாவிடம் குப்பியைக் காட்டச் சொல்லுங்கள். லேபிளில் ஒரு வட்டம், அதற்குள் வெளிறிய சதுரம் இருக்கும். சூடு பட்டால் சதுரம் கறுத்துக்கொண்டே வரும். வட்டத்தின் நிறத்துக்கு வந்துவிட்டால் அந்தக் குப்பியைப் பயன்படுத்த மாட்டார்கள்.