பாதுகாப்பு ஆய்வு நூலகமும் மின்னிதழ்ச் சந்தாவும்: கேள்வி பதில்

இருபத்தெட்டு வருடம் ஒரு பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூட நூலகத்தில் வேலை பார்த்துவிட்டு, இப்போது கோபிப் பக்கம் சொந்த ஊரில் இருக்கிறேன். சந்தா, பட்ஜெட், ஒப்பந்தம் பற்றிக் கேளுங்கள். ஆய்வுக்கூடத்துக்குள் என்ன வேலை நடக்கிறது என்பதை மட்டும் கேட்க வேண்டாம்.

சரவணம்பட்டி, நூலக அறிவியல் மாணவி: ஐயா, அச்சிதழ் வாங்குவதற்கும் மின்னிதழ் வாங்குவதற்கும் என்னங்க வித்தியாசம்? இரண்டுக்கும் சந்தா தானே?

அம்மணி, அச்சிதழ் கிரயம், மின்னிதழ் குத்தகை. நடந்ததைச் சொல்கிறேன். உலோகவியல் இதழ் ஒன்றைப் பல வருடமாக அச்சில் வாங்கி, காலிகோ பைண்டிங் போட்டு, முதுகில் தங்க எழுத்தில் வருடம் பொறித்து அடுக்கியிருந்தோம். இணையத்தில் வந்ததும் இடம் மிச்சமாகும் என்று அச்சை நிறுத்தினோம். ஆறு வருடம் கழித்துப் பணம் போதாமல் மின்சந்தாவையும் நிறுத்த வேண்டி வந்தது. ஜனவரி இரண்டாம் வாரம் இளம் விஞ்ஞானி ஒருவர் டைட்டானியம் பற்றவைப்புக் கட்டுரை ஒன்று தேடி வந்தார். திரையில் பூட்டுப் படம், அதற்குக் கீழே டாலரில் விலை. அலமாரியில் பழைய தொகுதிகள் எல்லாம் இருக்கின்றன. நாங்கள் பணம் கட்டிப் படித்த அந்த ஆறு வருடம்தான் இல்லை. அந்தக் காலி இடத்தை அவருக்குக் காட்டியபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

அந்த ஒப்பந்தத்தில் ‘நிரந்தர அணுகல்’ என்ற ஒரு வரி இருந்திருந்தால் சந்தா நின்ற பிறகும் அந்த ஆறு வருடம் திறந்திருக்கும். பதிப்பாளரே கடையை மூடினால் என்ன ஆகும் என்பதையும் பாருங்கள். போர்ட்டிகோ, லாக்ஸ் போன்ற காப்பகங்களில் இதழ் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்குங்கள். விலை பேசுவதற்கு முன்னால் இதைப் பேசுங்கள்.

நாமக்கல், கல்லூரி நூலகர்: வருடா வருடம் ஜனவரியில் இதழ்கள் நின்றுபோகின்றனவே, ஏன்?

பதிப்பாளருக்கு வருடம் ஜனவரியில் பிறக்கிறது, அரசுக்கு ஏப்ரலில். கீழ்பவானிப் பாசனத்தில் இருக்கிறவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வாய்க்காலில் தண்ணீர் விடும் தேதியும் நாற்று விடும் தேதியும் ஒத்துவராவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் இங்கேயும். செப்டம்பரிலேயே பட்டியல் தயாராக வேண்டும், நவம்பருக்குள் கோப்பு நிதிப் பிரிவைத் தாண்ட வேண்டும். வருட நடுவில் பட்ஜெட்டைத் திருத்தும்போது (திருத்திய மதிப்பீடு) கூடுதலாக வரும் என்று காத்திருந்தால் ஜனவரி போய்விடும்.

இதோடு டாலரும் சேர்ந்துகொள்கிறது. 2013 மே மாதம் 55 ரூபாய்ப் பக்கம் நின்ற டாலர் ஆகஸ்ட் கடைசியில் 68ஐத் தொட்டது. ஒதுக்கிய ரூபாயில் ஒரு காசு குறையவில்லை. ஆனால் கையிலிருந்த பட்டியலில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குக்குப் பணம் இல்லாமல் போகும் கணக்கு அது. அப்போதிருந்து டாலர் ஏற்றத்துக்கென்று தனித் தலைப்புப் போட்டுக் கொஞ்சம் ஒதுக்காமல் நான் பட்ஜெட் எழுதியதில்லை.

ஈரோடு: எதை வெட்டுவது என்று எப்படி முடிவு செய்வது?

பதிப்பாளர் தரும் ‘கவுண்டர்’ (COUNTER) பயன்பாட்டு அறிக்கையை எடுங்கள், எந்த இதழில் எத்தனை கட்டுரை இறக்கினார்கள் என்ற கணக்கு அதில் இருக்கும். வருடத்துக்கு 2,40,000 ரூபாய் இதழில் 40 கட்டுரை இறக்கியிருந்தால் ஒன்று 6,000 ரூபாய். அதை மட்டும் பார்த்து வெட்டிவிடாதீர்கள். வெடிபொருள் வேதியியல் இதழை இரண்டே பேர் படிப்பார்கள், அந்த இரண்டு பேரின் வேலை அதை நம்பித்தான் இருக்கும். போய் அவர்களிடம் உட்கார்ந்து பேசிவிட்டு வெட்டுங்கள்.

கணபதி, லேத் பட்டறை: பாதுகாப்புத் தொழில் வழித்தடத்துக்கு உதிரிபாகம் செய்யப்போகிறேன். இதழ் சந்தா கட்டணுங்களா?

வேண்டாங்க. உங்களுக்கு வேண்டியது தர நிர்ணய ஆவணம். சூழல் சோதனைக்கான மில் ஸ்டாண்டர்ட் 810 அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ‘அசிஸ்ட்’ தளத்தில் இலவசம். இந்தியத் தர நிர்ணயங்களையும் அவற்றை வெளியிடும் அரசு அமைப்பான பிஐஎஸ் தளத்தில் பதிவு செய்து இலவசமாக இறக்கலாம். மற்றதற்குக் கோவைச் சிறுதொழில் சங்கமான கொடிசியாவின் பாதுகாப்புப் புத்தாக்க மையத்தில் கேளுங்கள்.

திருப்பூர்: சை-ஹப் (Sci-Hub) இருக்கும்போது எதற்குச் சந்தா?

அது பதிப்பாளர் அனுமதியில்லாமல் கட்டுரைகளை இலவசமாகத் தரும் தளம். 2025 ஆகஸ்டில் டெல்லி உயர் நீதிமன்றம் அதைத் தடுக்க உத்தரவிட்டிருக்கிறது. கட்டுரையாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், பெரும்பாலும் அனுப்பிவிடுவார்.

பாதுகாப்புத் திட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கு ஒன்று: எந்தத் தளமானாலும் தேடல் பெட்டியில் திட்டத்தின் பெயரையோ கருவியின் அளவையோ இடாதீர்கள். எந்த நிறுவனத்து முகவரியிலிருந்து என்ன தேடினார்கள் என்பது பதிப்பாளரின் சர்வரில் பதிவாகிறது. ஆறு மாதத் தேடலை வரிசையாக அடுக்கினால் என்ன செய்கிறீர்கள் என்று வெளியாள் சொல்லிவிடுவான்.

பெருந்துறை, சுயநிதிப் பொறியியல் கல்லூரி ஆசிரியர்: ‘ஒரே நாடு ஒரே சந்தா’ வந்துவிட்டது என்கிறார்கள். எங்கள் கல்லூரியில் எதுவும் திறக்கவில்லையே?

மத்திய அரசே நாடு முழுக்க மொத்தமாக இதழ்ச் சந்தா கட்டும் திட்டம் அது. 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. 2025 முதல் 2027 வரை மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பாளர்கள், சுமார் 13,000 இதழ்கள். மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கும் மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்களுக்கும் சேர்த்து 6,300க்கு மேற்பட்ட இடங்களில் திறக்கும். சுயநிதிக் கல்லூரி இந்தக் கட்டத்தில் இல்லை.

அதே ஆசிரியர்: எங்கள் மாணவர்களும் பாதுகாப்புத் துறைக்கான ஆய்வுதானே செய்கிறார்கள்? கொங்கு நாட்டில் பாதிக்கு மேல் சுயநிதிக் கல்லூரிதான்.

உங்கள் வருத்தம் நியாயம். எனக்கும் அதில் உடன்பாடில்லை.

கோவை, ஆய்வு மாணவர்: அண்ணா, 6,000 கோடியை வெளிநாட்டுப் பதிப்பாளருக்குக் கொடுப்பதற்குப் பதில் நம் இதழ்களைத் திறந்த அணுகலில் வளர்த்திருக்கலாமே?

தம்பி, இரண்டும் வேண்டும். டெல்லியில் இருக்கும் டிஆர்டிஓவின் தகவல் மையமான டெசிடாக் வெளியிடும் டிஃபென்ஸ் சயின்ஸ் ஜர்னல் 1949லிருந்து வருகிறது, யாரும் காசில்லாமல் படிக்கலாம். அந்த மாதிரி நூறு இதழ் வளர வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். ஆனால் இன்றைக்கு விமான எஞ்சின் பூச்சு பற்றி வேலை செய்கிறவர் இன்றைய கட்டுரையை இன்றைக்கே படித்தாக வேண்டும். முன்பு பத்து நூலகக் கூட்டமைப்புகள் தனித்தனியாகப் பதிப்பாளரிடம் போய் நின்றன. ஒரே ஆளாகப் போய்ப் பேசினால் பேரத்தில் பலம் கூடும், அதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

கோவை, அதே மாணவர்: 2027 முடிந்த பிறகு?

அதைத்தான் முதல் கேள்வியிலிருந்து சொல்கிறேன். 2027 டிசம்பர் 31க்குப் பிறகு இந்த மூன்று வருட இதழ்கள் யாருக்குத் திறந்திருக்கும்? நிரந்தர அணுகல். ஒவ்வொரு நூலகரும் எழுத்தில் கேளுங்கள்.

சேலம்: அப்படியானால் பாதுகாப்பு நூலகங்களுக்குத் தனி பட்ஜெட் எதற்கு?

அந்தத் திட்டம் இதழ்களுக்கு. தர நிர்ணயங்கள், ஜேன்ஸ் போன்ற ராணுவத் தகவல் தொகுப்புகள், மின்நூல்கள் இதற்கெல்லாம் தனியாகப் பணம் வேண்டும். இதழ்ப் பணம் மிச்சமானது என்று ஒட்டுமொத்தமாகக் குறைத்துவிட்டால் இவைதான் அடிபடும்.

பல்லடம்: ஆய்வுக்கூடத்தின் கடவுச்சொல் யாரிடமாவது கிடைக்குமா?

கிடைக்காது. இதைக் கேட்கும் மூன்றாவது ஆள் நீங்கள். ஒருவர் கொடுத்து மாட்டினால் நிறுவனம் முழுக்க அணுகலை மூடிவிடுவார்கள்.

பெருந்துறை ஆசிரியர் மறுபடியும்: சரிங்க, இந்த வாரம் என் மாணவருக்கு நான் என்ன செய்யட்டும்?

பக்கத்தில் இருக்கும் அரசுப் பல்கலைக்கழக நூலகத்துக்கு முதல்வர் கடிதத்தோடு மாணவரை அனுப்புங்கள். நேரில் வந்து உட்கார்ந்து படிக்கிறவரை அனுமதிக்கும் விதி பல ஒப்பந்தங்களில் உண்டு, ‘வாக்-இன் யூசர்’ என்று இருக்கும். நூலகரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கச் சொல்லுங்கள். போவதற்கு முன்னால், இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளை இலவசமாகத் தரும் சோத்கங்கா தளத்தில் அந்தத் தலைப்பில் வந்த ஆய்வேடுகளைப் பார்த்து, அவற்றின் மேற்கோள் பட்டியலிலிருந்து வேண்டிய கட்டுரைகளைக் குறித்துக்கொண்டு போகட்டும். தாளில் எழுதிக்கொண்டு போனால் ஒரு பகலில் இருபது கட்டுரை பார்த்துவிடலாம்.