52 நாழிகை 30 விநாழிகை என்றால் எத்தனை மணி?

கேள்வி: அப்பச்சிக்கு (எங்கள் அப்பாவுக்கு) எண்பது வயது நிறைவுச் சடங்கான சதாபிஷேகம் நடத்த இருக்கிறோம். பெட்டகத்தில் கிடைத்த சாதக ஓலையில் "தாரண வருடம், தை மாதம், வெள்ளிக்கிழமை, உதயாதி நாழிகை 52, விநாழிகை 30" என்றிருக்கிறது. ஐயாவின் (அப்பச்சியின் அப்பா) பேரேட்டிலோ 1945 ஜனவரி, சனிக்கிழமை, விடியற்காலை 4.35 என்று குறித்திருக்கிறார். சாதகம் பார்க்கிறவர், "ஓலையே பிழை, பரிகாரம் செய்யாமல் சதாபிஷேகம் கூடாது" என்கிறார். என்ன செய்வது? - வாசகர், தேவகோட்டை

பதில்: ஓலையும் சரி, பேரேடும் சரி. பரிகாரத்துக்கு எடுத்த பணத்தைப் பெட்டகத்திலேயே திரும்ப வையுங்கள்.

பஞ்சாங்கத்துக்கு நள்ளிரவில் நாள் மாறாது. சூரியன் உதித்தால்தான் அடுத்த கிழமை. உதயாதி நாழிகை என்றால் அந்த உதயத்திலிருந்து எண்ணிய நாழிகை. ஓர் உதயத்திலிருந்து மறு உதயம் வரை 60 நாழிகை. ஒரு நாழிகைக்கு 24 நிமிடம், ஒரு விநாழிகைக்கு 24 விநாடி. ஆகவே 52½ நாழிகை என்பது 21 மணி நேரம். வெள்ளி காலை உதயத்தோடு அதைக் கூட்டினால் சனி விடியற்காலை வந்துவிடுகிறது. ஓலைக்கு அது இன்னும் வெள்ளிதான்.

உங்கள் சாதகக்காரர் உதயத்தை 6 மணி என்று வைத்து, பிறப்பு 3 மணி என்று முடிவுகட்டியிருப்பார். இந்த ஆறு மணிப் பழக்கம் நாள்காட்டி அச்சிடுகிறவர்களையும் கணினி சாதகக் கடைகளையும் விட்டபாடில்லை. தை மாத நடுவில் உங்கள் ஊரில் உதயம் ஏறத்தாழ 6.37. அப்படியானால் பிறப்பு 3.37. அரை மணிக்கு மேல் பிசகினால் லக்கினமே மாறிவிடக்கூடும். பிறகு மாறிய லக்கினத்துக்கு ஒரு தோஷம், தோஷத்துக்கு ஒரு பரிகாரம், பரிகாரத்துக்கு ஒரு தரகர், தரகருக்குக் கார் வாடகையும் உங்கள் கணக்கில்! ஓலையைப் படிக்கத் தெரியாதவர்தான் ஓலை பிழை என்று முதலில் சொல்வார்.

அப்படியும் பேரேட்டுக்கு ஒரு மணி நேரம் இடிக்கிறதே என்பீர்கள். அது போர்க்கால மணி. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியக் கடிகாரங்களை அரசு ஒரு மணி நேரம் முன்தள்ளி வைத்திருந்தது. அன்று 3.37 என்பது முகப்பில் தொங்கிய கடிகாரத்தில் 4.37. ஐயா அதைப் பார்த்து 4.35 என்று எழுதியிருக்கிறார். நாழிகையை எந்த அரசாணையும் தொடவில்லை. அது சூரியனையே பார்த்து நடந்தது. இந்த மூன்று ஆண்டுகளில் பிறந்தவர்களுக்கு மட்டும், கடிகார மணியில் ஒன்றைக் கழித்த பிறகே சாதகம் கணிக்க வேண்டும். கணினியில் அப்படியே 4.35 என்று தட்டினால் வருவது வேறு யாருடைய சாதகமோ.

பிறந்த நட்சத்திரம் பார்த்துச் சதாபிஷேகத்துக்கு நாள் குறிக்கும்போது, அந்த ஆண்டுப் பஞ்சாங்கத்தில் வெள்ளிக்கிழமைப் பக்கத்தின் தலைப்பில் உள்ள நட்சத்திரத்தை அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். அதன் பக்கத்தில் எத்தனை நாழிகை வரை என்று போட்டிருக்கும். அது 52½-க்குக் குறைவாக இருந்தால், அப்பச்சியின் நட்சத்திரம் அதற்கு அடுத்தது.