இங்கிலாந்துக் கால்பந்து கிளப்பான மான்செஸ்டர் யுனைடெட் இவ்வளவு பணம் கொட்டியும் ரசிகர்கள் ஏன் முதலாளிகளைத் திட்டுகிறார்கள்?

செலவு செய்யவில்லை என்பதல்ல கோபம். அது யார் பணம் என்பதுதான்.

2005-ல் அமெரிக்காவின் கிளேசர் குடும்பம் கிளப்பை ஏறக்குறைய 79 கோடி பவுண்டுக்கு வாங்கியது. பெரும்பகுதி கடன், அதையும் கிளப் தலையிலேயே கட்டிவிட்டார்கள். கடன் வாங்கி மளிகைக்கடையை வாங்கிய ஒருவர், வட்டியைக் கடைக் கல்லாவிலிருந்தே எடுத்துக் கட்டுவது போல. அதுவரை கடன் இல்லாத கிளப் அது!

2009-ல் ரொனால்டோவை ரியல் மாட்ரிட்டுக்கு 8 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். அவருடைய 7-ஆம் எண் சட்டை யாருக்குப் போனது தெரியுமா? காயங்களால் அவதிப்பட்டு, இலவசமாக வந்து சேர்ந்த மைக்கேல் ஓவனுக்கு. அடுத்த ஆண்டே முதலாளிகளுக்கு எதிர்ப்பாக மைதானம் பச்சை-தங்க நிறத் துண்டுகளால் நிரம்பியது. நியூட்டன் ஹீத் என்ற பழைய பெயரில் கிளப் அணிந்த நிறங்கள் அவை. எதிரணியான மிலனுக்காக ஆட வந்த முன்னாள் யுனைடெட் நட்சத்திரம் பெக்காமே ஒன்றை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டார்.

அப்புறம் நேர் எதிர்க் கோளாறு. 2022-ல் வீரர்களை வாங்கும் சந்தை மூடப்போகும் நேரத்தில் பிரேசில் வீரர் ஆண்டனிக்கு 8 கோடி பவுண்டுக்கு மேல் கொடுத்தார்கள். 2025-ல் சுமார் கால்வாசி விலைக்கு விற்றார்கள். திட்டாமல் என்ன செய்வார்கள்?

2024-ல் பிரிட்டிஷ் தொழிலதிபர் ஜிம் ராட்கிளிஃப் கால்வாசிக்கு மேல் பங்கு வாங்கி, கால்பந்து நிர்வாகத்தை எடுத்துக்கொண்டார். பெரும்பான்மை வாக்குரிமை அப்போதும் கிளேசர்களிடமே இருந்தது.