திறக்காத டின்னைத் திறக்காதீர்கள்

கேள்வி: அம்பாசமுத்திரத்தில் வீட்டிலேயே முறுக்கு, தட்டை சுட்டு விற்றுப் பிழைக்கிறேன். 'இறக்குமதி சூரியகாந்தி எண்ணெய்' என்று அச்சிட்ட 15 கிலோ டின் இரண்டு வாங்கினேன், பில் இருக்கிறது. ஒன்றைத் திறந்து கொஞ்சம் ஃபிரிட்ஜில் வைத்தால், காலையில் கஞ்சி போல் உறைந்து கிடக்கிறது. பாமாயில் கலப்படம் என்கிறார்கள். கடைக்காரரோ, "இறக்குமதி செய்தவரிடம் கேளுங்கள், வியாபாரத்துக்கு வாங்கிய நீங்கள் நுகர்வோரே இல்லை" என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: இரண்டாவது டின்னை எக்காரணம் கொண்டும் திறந்துவிடாதீர்கள். ஃபிரிட்ஜில் எண்ணெய் உறைந்தது சந்தேகத்துக்குக் காரணமே தவிர, சாட்சியம் ஆகாது. திறந்த டின்னைக் காட்டினால், "வீட்டில் நீங்களே கலந்திருப்பீர்கள்" என்பார் எதிர்த்தரப்பு வக்கீல். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்பேன்.

கடைக்காரர் சொன்ன சட்டம் அரைகுறை. சுயதொழில் செய்து பிழைப்பதற்காக மட்டுமே வாங்குபவரும் நுகர்வோர்தான் என்று 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே விளக்குகிறது. கடைக்காரர், இறக்குமதியாளர் இருவரையுமே எதிர்த்தரப்பாகச் சேர்த்து, திருநெல்வேலி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனுக் கொடுங்கள். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் என்பதால் மனுக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டு அவகாசமும் உண்டு. ஆணையமே மாதிரியை எடுத்து, முத்திரையிட்டு, ஆய்வகத்துக்கு அனுப்பும். அந்த ஆய்வுச் செலவை முதலில் நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவில் இன்னொரு வழி இருக்கிறது. வாங்கியவரே கட்டணம் செலுத்தி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்கலாம்; ஆய்வுக்கூடம் பாளையங்கோட்டையிலேயே இருக்கிறது. ஆனால் வாங்கும்போதே, "இதைச் சோதனைக்கு அனுப்பப் போகிறேன்" என்று கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டுமாம்! அப்படிச் சொன்ன பிறகு எந்தக் கடைக்காரர் கலப்பட டின்னை எடுத்துத் தருவார்? உயிரைப் பறிக்கும் கலப்படத்துக்கு ஆயுள் தண்டனை வரை சட்டத்தில் எழுதி வைத்தாயிற்று. திருத்த வேண்டியது இந்த நிபந்தனையைத்தான். உங்கள் டின்களுக்கு அந்த வழி ஏற்கெனவே அடைபட்டுவிட்டது, ஆணையமே கதி.

கூடவே மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுத்துமூலம் புகார் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். கடையில் மீதமுள்ள டின்களில் மாதிரி எடுக்கும் அதிகாரம் அவர்களுக்கு இருக்கிறது. சரக்கு விற்றுத் தீர்வதற்குள் போய்விட வேண்டும். இன்றே இரண்டு டின்களிலும் இறக்குமதியாளர் முகவரி, எந்த நாட்டுச் சரக்கு, தொகுப்பு எண், 14 இலக்க உரிம எண் ஆகியவை தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். திறந்த டின்னையும் கொட்டிவிட வேண்டாம்.