ஊசியிலை மரங்களின் பண்புத் தரவைத் தொகுப்பது என்றால் என்ன? நூல்களில் உள்ள எண்களை அப்படியே ஓர் அட்டவணையில் சேர்த்தால் போதாதா?

பண்பு என்பது ஒரு மரத்தில் அளக்கக்கூடிய இயல்பு: கட்டையின் அடர்த்தி, இலையின் நீளம், விதையின் எடை, பட்டையின் தடிமன். பைன், ஸ்புரூஸ் போன்ற ஊசியிலை மரங்களுக்குப் பலர் அளந்தவற்றை ஒரே அளவுமுறைக்குக் கொண்டுவந்து சேர்ப்பதே தொகுப்பு. ஜெர்மனியின் ஜேனா நகரை மையமாகக் கொண்டு 2007இல் தொடங்கிய ‘டிரை’ தரவுத்தளம் எல்லாத் தாவரங்களுக்கும் இதைச் செய்கிறது.

சேர்ப்பது எளிது, பொருத்துவதுதான் பாடு. வட அமெரிக்காவின் கடலோர டக்ளஸ் ஃபிர் மரத்தின் ஒப்படர்த்தி (நீரோடு ஒப்பிட்ட அடர்த்தி) ஓரிடத்தில் 0.45, இன்னோரிடத்தில் 0.48 என்று இருக்கும். இரண்டுமே சரி. முற்றிலும் உலர்ந்த கட்டையின் எடையைப் பச்சை மரத்தின் கன அளவோடு ஒப்பிட்டால் முதல் எண் வரும்; 12 சதவீத ஈரப்பதத்தில் உள்ள கன அளவோடு ஒப்பிட்டால் இரண்டாவது. காய்ந்தால் கட்டை சுருங்குகிறது அல்லவா? ஒருவர் குவித்தும் இன்னொருவர் தலைதட்டியும் அளந்த படி நெல்லை ஒரே கணக்கில் கூட்டினால் என்ன ஆகுமோ, அதுதான் இங்கும். ஆகவே அளந்த முறையைக் குறிக்காத எண்ணை, என்னைக் கேட்டால், ஒதுக்கிவிடலாம்.

பெயர்களும் படுத்தும். இதே மரம் பழைய நூல்களில் வேறு அறிவியல் பெயர்களில் இருப்பதால், ஒரே இனம் அட்டவணையில் இரண்டாக நுழைந்துவிடும்.

ஓர் இனத்துக்கு ஒரே அடர்த்திதான் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. நியூசிலாந்துத் தோட்டங்களில் வளரும் ரேடியாட்டா பைனில், ஒரே அடிமரத்திலேயே நடுப்பகுதியைவிட வெளிப்பகுதி அடர்த்தி மிக்கது.