எவரெஸ்ட் அடிவாரத்துக்கு மே மாதமா, அக்டோபரா?

கேள்வி: நானும் கல்லூரியில் படிக்கும் என் மகளும் நேபாளத்தில் எவரெஸ்ட் அடிவார முகாம் வரை நடந்து போக ஆசைப்படுகிறோம். மே லீவில் போகலாம் என்கிறாள் அவள். தீபாவளியை ஒட்டிப் போனால்தான் மலை தெரியும் என்கிறார், அங்கே போய்வந்த உறவினர். எனக்கு மொத்தம் பத்து நாள்தான் லீவு. எந்த மாதம் நல்லது?
- ஒரு வாசகி, ஈரோடு

பதில்: உங்கள் உறவினர் சொல்வது சரி. அங்கே செப்டம்பர் கடைசியில் பருவமழை ஓய்ந்துவிடும், காற்றில் இருந்த தூசியையும் புகையையும் மழை கழுவிவிட்டுப் போயிருக்கும், அதனால் அக்டோபரிலும் நவம்பரிலும் காலையில் எழுந்தால் சிகரங்கள் பளிச்சென்று தெரியும். என்னைக் கேட்டால் அக்டோபர் கடைசி வாரத்திலிருந்து நவம்பர் பாதி வரை என்பேன். அதற்கு முன்னால் போனால் கூட்டம் அதிகம், லாட்ஜில் அறை கிடைப்பதே பாடு. அப்புறம், வங்கக்கடல் புயல் சீசனையும் மறந்துவிடாதீர்கள். 2014 அக்டோபர் 12 அன்று விசாகப்பட்டினத்தில் கரை கடந்த ஹூட்ஹூட் புயலின் மிச்சம் இரண்டே நாளில் நேபாளத்தின் அன்னபூர்ணா பகுதிக்குப் போய்ப் பனியாகக் கொட்டியது. 5,416 மீட்டர் உயரத்தில் இருக்கும் தொரோங் லா கணவாயிலும் சுற்றுப்புறத்திலும் 40 பேருக்கு மேல் இறந்துபோனார்கள். அதுவும் நல்ல சீசன் என்று எல்லோரும் சொல்லும் அதே அக்டோபரில்தான். நம் பக்கத்துக் கடலில் புயல் சின்னம் என்று செய்தி வந்தால், மேலே ஏறாமல் இருக்கும் இடத்திலேயே இரண்டு நாள் தங்கிவிடுங்கள்.

உங்கள் மகள் சொல்லும் மே மாதமும் மோசமில்லை. சிகரம் ஏறுகிறவர்களின் கூடாரங்கள் அடிவார முகாமில் நிறைந்திருப்பது ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான். அக்டோபரில் போனால் அந்த இடத்தில் பெரும்பாலும் பாறையும் பனிக்கட்டியும்தான் இருக்கும். ஆனால் மே மாதத்தில் மதியத்துக்கு மேல் மேகம் மூடிக்கொள்ளும், கடைசி வாரத்தில் மழைக்கு முந்தைய மூட்டம் வேறு. முகாமிலிருந்து எவரெஸ்ட் உச்சி தெரியாது, அதைப் பார்க்கக் காலா பத்தர் மேட்டில் ஏற வேண்டும் என்பதால் தெளிவான ஒரு காலைப்பொழுது உங்களுக்குக் கட்டாயம் வேண்டும். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். நடை தொடங்கும் ஊரான லுக்லாவுக்குப் போகும் விமானம் மேகத்தால் நாள்கணக்கில் ரத்தாகும், கீழ்ப் பாதைகளில் ரத்தம் உறிஞ்சும் அட்டை.

மாதத்தைவிட எனக்குக் கவலை உங்கள் பத்து நாள்தான். லுக்லா சுமார் 2,850 மீட்டர், முகாம் 5,364 மீட்டர். அங்கே மூச்சில் கிடைக்கும் ஆக்சிஜன் கடல்மட்டத்தில் கிடைப்பதில் ஏறக்குறைய பாதி. 3,000 மீட்டருக்கு மேல் போனபின் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது, மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் கூடுதலாக ஓர் இரவு தங்க வேண்டும். அதனால்தான் எல்லோரும் வழியில் இருக்கும் நாம்சே பஜாரில் இரண்டு இரவு, அதற்கும் மேலே இருக்கும் திங்போச்சேயில் இரண்டு இரவு தங்குகிறார்கள். ஏற எட்டு நாள், இறங்க மூன்று நான்கு நாள், லுக்லா விமானம் ரத்தானால் சமாளிக்க இரண்டு நாள், நம் ஊரிலிருந்து போய்வர மிச்சம் என்று பார்த்தால் பதினாறு நாளாவது ஆகும். இறங்குவதற்கு ஹெலிகாப்டர் பிடித்து நாளை மிச்சப்படுத்தலாம், ஏறும் நாளைக் குறைக்கவே முடியாது. எவ்வளவு நல்ல வெயில் அடித்தாலும், அவசரமாக ஏறுகிறவரை ஆக்சிஜன் குறைவால் வரும் மலைநோய் விடாது. தலைவலி, குமட்டல் வந்தால் அதற்கு மேல் ஏறாதீர்கள். நடை தள்ளாடினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ இரவானாலும் உடனே கீழே இறங்குங்கள்.

பத்து நாளுக்கு மேல் லீவு கிடைக்கவே கிடைக்காது என்றால் நாம்சேக்கும் திங்போச்சேக்கும் நடுவில் இருக்கும் தெங்போச்சே மடாலம் வரை மட்டும் போய்வாருங்கள். 3,867 மீட்டர், லுக்லாவிலிருந்து போய்த் திரும்ப ஆறு நாள் நடை, நாம்சேயில் ஒரு நாள் ஓய்வும் அதில் அடக்கம். அமா தப்லாம் சிகரம் கண்ணெதிரே நிற்கும், மதில்போல நிற்கும் லோட்சே மலைத்தொடருக்குப் பின்னால் எவரெஸ்ட் உச்சியும் தெரியும். முகாமைத் தொடவில்லையே என்று மகள் வருத்தப்படுவாள்தான், ஆனாலும் இது அரைகுறைப் பயணம் இல்லை. ஒன்று மட்டும்: கூட்டமான சீசனில் லுக்லா விமானங்கள் பல காத்மாண்டுவிலிருந்து கிளம்பாமல், சாலையில் நாலைந்து மணிநேரம் தள்ளியிருக்கும் ராமேசாப்பிலிருந்து கிளம்பும், நடுராத்திரியில் ஜீப் ஏற வேண்டியிருக்கும். டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு ஜூலை, ஆகஸ்டில்தான் லீவு. இமயமலையில் எங்குமே போக முடியாதா?
- ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: லடாக் போங்கள். பருவமழை மேகத்தை இமயமலை தடுத்துவிடுவதால் அங்கே மழை மிகக் குறைவு, மார்க்கா பள்ளத்தாக்கு நடைக்கு அதுதான் சரியான காலம். லே நகரமே சுமார் 3,500 மீட்டர் உயரம் என்பதால், விமானத்தில் போய் இறங்கியதும் குறைந்தது இரண்டு நாள் சும்மா இருங்கள். ஓடைகளைக் காலையிலேயே கடந்துவிட வேண்டும், மதியம் பனி உருகித் தண்ணீர் ஏறிவிடும். ஆற்றுப்படுகையை ஒட்டிக் கூடாரம் போடாதீர்கள், 2010 ஆகஸ்டில் லேயில் மேகவெடிப்பு வெள்ளம் வந்தது ஒரே இரவில்தான்.